எந்தக் கேள்விக்கு இந்தப் படம்?

மார்பகத்தில் இருப்பது புற்றுநோய்தான் என்று பயாப்ஸி சொன்ன நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்கள் பெரும்பாலும் ஸ்கேன் சென்டர்களில் கழிகின்றன. மேமோகிராம், அக்குளையும் சேர்த்து ஒரு அல்ட்ராசவுண்ட், சிலருக்கு எம்.ஆர்.ஐ., சி.டி., போன் ஸ்கேன், இப்போது பெருநகரங்களில் பரவலாகிவிட்ட பெட் ஸ்கேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு பெரிய கவர் கைக்கு வருகிறது. உள்ளே பிலிம்கள், ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு பக்க ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டை வீட்டில் முதலில் வாசிப்பவர் மகனாகவோ மகளாகவோ, ஆங்கிலம் தெரிந்த உறவுக்காரப் பிள்ளையாகவோ இருப்பார். நோயாளிக்கு அவர்கள் வடிகட்டித் தருவதுதான் கிடைக்கும். வாசிப்பவர் கண்ணும் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய், அங்கே இருக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றிரவு முழுக்க அலைகிறது. இந்த அலைச்சலில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்றே நினைக்கிறேன். எந்தப் படமும் தானாக வாய் திறப்பதில்லை. யாரோ கேட்ட கேள்விக்கு அதில் பதில் தேடப்படுகிறது. கேள்வி என்னவென்று தெரியாதவரிடம் அந்தப் பதில் வெறும் பயமாக வந்து சேரும், அல்லது ஆதாரமற்ற நிம்மதியாக வந்து சேரும். ஆகவே ஒரு ஸ்கேனுக்கு எழுதித் தரும்போதே, எதைத் தெரிந்துகொள்ள இதை எடுக்கிறோம், தெரிந்தபின் சிகிச்சையில் என்ன மாறும் என்ற இரண்டையும் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். இவற்றைச் சொல்ல வழியில்லாத ஸ்கேனை எடுக்காமலே இருந்துவிடலாம் என்பது என் வாதம்.

மார்பகத்தைப் படமெடுக்கத் தொடங்கிய கதையிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1913இல் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட ஏறத்தாழ 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு படத்தையும் வெட்டி எடுத்த திசுவோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். கட்டி எங்கே முடிகிறது, அக்குளை நோக்கி எப்படிக் கை நீட்டுகிறது என்பதெல்லாம் அவருக்குத் துலங்கியது. சில படங்களில் பொடிப்பொடியான புள்ளிகளும் இருந்தன. அவற்றைப் பார்த்தார், குறித்தும் வைத்தார். அவை சுண்ணாம்புப் படிவுகள் என்பதும், கைக்குத் தட்டுப்படாத புற்றுநோயைக்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடியவை என்பதும் மருத்துவ உலகத்துக்கு உறைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. புள்ளி அப்போதும் அதே புள்ளிதான். அதனிடம் என்ன கேட்க வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. (யூதரான சாலமன் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பணியிழந்து, வதைமுகாமிலும் அடைபட்டு, பின்னர் நெதர்லாந்துக்குத் தப்பிப் போனார். அவருடைய ஒரே மகள், ஓவியர் சார்லட் சாலமன், 1943இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இன்று உலகெங்கும் பெண்கள் மேமோகிராம் எந்திரத்தின் முன் நிற்கும்போது அந்தக் குடும்பத்தின் பெயர் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை என்பது எனக்குத் துயரமாகவே இருக்கிறது.) சாலமனின் செயல்முறையில் ஒன்று இன்றும் மாறவில்லை. படத்துக்குப் பொருள் அதன் அருகே வைக்கப்பட்ட திசுவிலிருந்து வந்தது. திசுவும் நோயாளியின் நிலையும் பக்கத்தில் இல்லாத படம் இன்றைக்கும் பாதிப் படம்தான்.

ரிப்போர்ட்டில் வரும் எண்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் கலக்கம் அங்கேதான் தொடங்குகிறது. மேமோகிராம் ரிப்போர்ட்டின் அடியில் பைராட்ஸ் என்று போட்டு ஒரு எண் இருக்கும். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் கல்லூரி வகுத்த இந்த முறை 0 முதல் 6 வரை போகிறது. இதில் 4 என்று கண்டதும் நோய் நான்காம் ஸ்டேஜுக்குப் போய்விட்டதாக எண்ணி உடைந்துபோகும் குடும்பங்கள் உண்டு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் குறிப்பது. பைராட்ஸ் எண்ணோ, இந்தப் படத்தைப் பார்த்தவருக்கு எவ்வளவு சந்தேகம், அடுத்து என்ன செய்யச் சொல்கிறார் என்பதைக் குறிப்பது. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டைத் தாண்டாது, சில மாதங்கள் கழித்து மறுபடி பார்க்கலாம். 4 என்றால் பயாப்ஸி தேவை. ஆனால் அந்த 4க்குள் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேலான வாய்ப்பும் அடங்கும், தொண்ணூறைத் தாண்டிய வாய்ப்பும் அடங்கும். அதனால்தான் அதை 4ஏ, 4பி, 4சி என்று மேலும் பிரித்தார்கள். 5 என்றால் வாய்ப்பு 95 விழுக்காடோ அதற்கு மேலோ. 6ஐப் பார்த்து, ஐந்தைவிட மோசமாகிவிட்டது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் 6 என்பதற்கு, பயாப்ஸியில் ஏற்கெனவே உறுதியான கட்டியைத்தான் இப்போது படமெடுத்திருக்கிறோம் என்பதற்கு மேல் பொருளில்லை. 0 என்றால் ஒன்றுமில்லை என்பதல்ல, இந்தப் படம் போதவில்லை, இன்னொன்று வேண்டும் என்பது. இதை விளக்க ஒரு மருத்துவருக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் போவதால் வீடுகளில் நடக்கும் அழுகைக்குக் கணக்கே இல்லை.

ஒவ்வொரு எந்திரமும் உடம்பின் வெவ்வேறு குணத்தைப் பார்க்கிறது என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. விலை கூடக்கூடப் பார்வையும் கூர்மையாகும் என்ற எண்ணம் அதனால் வேரூன்றிவிட்டது. மேமோகிராம் அடர்த்தி வேறுபாட்டையும் சுண்ணாம்புப் படிவையும் காட்டும். இளவயதுப் பெண்களின் அடர்ந்த மார்பகத்தில் அதன் பார்வை மங்கும். அல்ட்ராசவுண்ட் நீர்க்கட்டியையும் திடக்கட்டியையும் பிரித்துக் காட்டும், அக்குளில் நெறி கட்டியிருந்தால் அதன் வடிவத்தைச் சொல்லும், ஊசியை வழிநடத்தும். எம்.ஆர்.ஐ. ஊசிவழி ஏற்றும் மருந்து எந்த இடத்தில் விரைந்து ஏறி விரைந்து வடிகிறது என்று பார்க்கிறது, அதாவது புதிய ரத்தக் குழாய்களைத் தேடுகிறது. போன் ஸ்கேனில் ஏற்றப்படும் டெக்னீஷியம் கலந்த மருந்து, எலும்பு எங்கெல்லாம் தன்னைப் புதுப்பித்துக் கட்டிக்கொள்கிறதோ அங்கெல்லாம் போய் ஒட்டும். புற்றுநோய் பரவிய எலும்பும் அப்படிக் கட்டும். தேய்ந்த முழங்கால் மூட்டும், எப்போதோ விழுந்து முறிந்து கூடிய விலா எலும்பும் அப்படியே கட்டும். எந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. இன்னொன்றும் உண்டு. மருந்து வேலை செய்து எலும்பு ஆறத் தொடங்கும் முதல் சில மாதங்களில் போன் ஸ்கேன் முன்னைவிட அதிகமாக ஒளிரக்கூடும். ஆறுவதன் அடையாளத்தை நோய் முற்றிவிட்டதாக வாசித்து, பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தை மாற்றிவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது.

பெட் ஸ்கேனைப் பற்றி நம்மிடையே இருக்கும் நம்பிக்கை கிட்டத்தட்ட பக்தி. உடம்பில் எங்கே புற்றுநோய் இருந்தாலும் அது எரியும், எரியாத இடத்தில் இல்லை என்று ஆட்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். பெட் ஸ்கேன் பார்ப்பது சர்க்கரைப் பசியை. புற்றணுக்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி உண்கின்றன என்று ஜெர்மனியின் ஆட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்தார். குளுக்கோஸைப் போலவே இருக்கும் ஒரு மூலக்கூறில் கதிரியக்க ஃப்ளோரினை ஏற்றி 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். அந்த ஃப்ளோரின் 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்ததை விமானத்தில் ஏற்றி அவசரமாகக் கொண்டுபோனார்கள். இன்றைய பெட் ஸ்கேன் அந்த வழியில் வந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும், சர்க்கரை அளவைப் பார்ப்பதும், ஊசி போட்டபின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசாமல் ஆடாமல் படுக்க வைப்பதும் இந்தப் பசியைச் சரியாக அளப்பதற்காகத்தான். ஆனால் சர்க்கரைப் பசி புற்றணுக்களுக்கு மட்டுமே உரிய குணமில்லை. மூளைக்கு உண்டு, இதயத்துக்கு உண்டு, அழற்சி இருக்கும் எந்த இடத்துக்கும் உண்டு. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் வாழும் நாடு இந்தியா. காசநோய் தொட்ட நெஞ்சுக்கூட்டு நிணநீர் முடிச்சு பெட் ஸ்கேனில் புற்றுநோய் பரவிய முடிச்சைப் போலவே ஒளிரும். கொரோனா தடுப்பூசி போட்ட கையின் அக்குள் முடிச்சுகள் 2021இல் உலகெங்கும் ஒளிர்ந்து பல நோயாளிகளைக் கதிகலங்க வைத்தன. மறுபக்கம், பால்சுரப்பி மடலில் தொடங்கும் லோபுலர் வகைப் புற்றுநோயும், மெதுவாக வளரும் சில வகைகளும், சில மில்லிமீட்டர் அளவே உள்ள பரவலும் அவ்வளவாகச் சர்க்கரை உண்ணாமல், எரியாமலே இருந்துவிடக் கூடும். எரிந்தால் உண்டு, எரியாவிட்டால் இல்லை என்ற சூத்திரம் இரண்டு பக்கமும் உடைகிறது.

இதற்கும் அடியில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ள மனம் மறுக்கும், போட்டுப் பார்த்தால் மறுக்க முடியாது. தொடக்க நிலைப் புற்றுநோயில் போன் ஸ்கேன் எத்தனை பேருக்குப் பரவலைக் கண்டது என்று கனடாவில் 2001இல் வெளிவந்த வழிகாட்டு ஆய்வு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. முதல் ஸ்டேஜில் 0.5 விழுக்காடு, இரண்டாம் ஸ்டேஜில் 2.4, மூன்றாம் ஸ்டேஜில் 8.3. இப்போது கணக்குக்காக, ஒரு ஸ்கேன் பரவலுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும், பரவலில்லாத பத்துப் பேரில் ஒருவரிடம் மட்டும் தவறாக ஒளிரும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல கருவியாகவே தெரிகிறது. முதல் ஸ்டேஜில் உள்ள 1000 பெண்களை அதில் ஏற்றினால், பரவல் இருக்கும் 5 பேரில் நான்கைந்து பேரை அது பிடிக்கும். பரவலே இல்லாத 995 பேரில் ஏறத்தாழ 100 பேரிடமும் எங்காவது ஒரு புள்ளி ஒளிரும். ஆக, ஸ்கேனில் புள்ளி தெரிந்த நூற்றுச் சொச்சம் பேரில் நூறு பேருக்குப் பரவல் இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும் இன்னொரு சி.டி., ஒருவேளை முதுகெலும்பில் ஒரு ஊசி, சிகிச்சை தொடங்குவதில் சில வாரத் தாமதம் என்று போய்வர வேண்டும். அதே கருவியில் மூன்றாம் ஸ்டேஜ் பெண்கள் 1000 பேரை ஏற்றினால், 83 பேரில் 75 பேர் பிடிபடுவார்கள், தவறாக ஒளிர்பவர்கள் 90 பேரளவில் இருப்பார்கள். இங்கே ஒளிரும் புள்ளி கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி உண்மை. எந்திரம் ஒன்று, புள்ளி ஒன்று, படிப்பவரும் ஒருவரே. யாருடைய உடம்பில் அது தெரிகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

ரிப்போர்ட்டின் கடைசியில், நோயாளியின் மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும் என்று ஒரு வரி வரும். பலருக்கு அது எரிச்சலூட்டும். இத்தனை ஆயிரம் வாங்கிக்கொண்டு கடைசியில் கைகழுவிவிட்டார்களே என்று தோன்றும். சில இடங்களில் அது வெறும் சடங்காகவும் இருக்கலாம். ஆனால் மேலே போட்ட கணக்கைப் பார்த்தவருக்கு, அந்த வரிதான் முழு ரிப்போர்ட்டிலும் நேர்மையானது என்று புரியும். புள்ளியை மட்டும் பார்த்தவர் தன்னால் எதுவரை சொல்ல முடியும் என்று அங்கே கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டுக்கு அப்பால் போக வேண்டியவர் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். அவர் போகாமல், ஒளிரும் புள்ளியையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் குற்றம் படத்தின் மீது இல்லை.

இந்தக் கணக்கின் அடிப்படையில்தான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2012இல், பரவும் அபாயம் குறைந்த தொடக்க நிலை மார்பகப் புற்றுநோயில் ஸ்டேஜ் கண்டறிய பெட், சி.டி., போன் ஸ்கேன்களை எடுக்க வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கே வெளிப்படையாக அறிவுறுத்தியது. எலும்பு வலி, மூச்சுத் திணறல், ஈரல் சார்ந்த ரத்தப் பரிசோதனையில் மாற்றம் என்று ஏதாவது அறிகுறி இருந்தால் அந்த இடத்தைப் பார்க்கலாம். அறிகுறியே இல்லாதவரை உச்சி முதல் பாதம் வரை படமெடுப்பதால் ஆயுள் கூடுவதற்கு ஆதாரம் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானது. மேற்கு நாடுகளில் பெண்கள் குறிப்பிட்ட இடைவெளியில் மேமோகிராம் எடுத்து, கையில் தட்டுப்படாத கட்டியோடு வருகிறார்கள். நம் ஊரில் கட்டி எலுமிச்சை அளவாகித் தோல் சுருங்கும் வரை அடுப்படியில் நின்றுவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கான விதி நமக்கு எப்படிப் பொருந்தும்? பொருந்தாதுதான். இந்தியாவில் முற்றிய நிலையில் வருபவர்களின் பங்கு மேற்கு நாடுகளைவிட மிக அதிகம். அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் தொடங்கியது முதல் இந்தத் தாமதத்தோடு போராடிவருகிறது. கட்டி பெரிதாகி, அக்குளில் முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும் பெண்ணுக்கு நெஞ்சையும் வயிற்றையும் எலும்பையும் பார்க்காமல் சிகிச்சையைத் திட்டமிடக் கூடாது. அங்கே கேள்வி தெளிவாக இருக்கிறது. ஏற்கெனவே பரவியிருந்தால் அறுவையை முன்வைக்கும் திட்டம் மாறும், மருந்து முதலிடத்துக்கு வரும். ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. முதல் ஸ்டேஜில் வந்தவரையும் மூன்றாம் ஸ்டேஜில் வந்தவரையும் ஒரே பேக்கேஜில் போட்டு ஒரே வரிசை ஸ்கேன்களுக்கு அனுப்புவதைத்தான் நான் மறுக்கிறேன்.

அடுத்த மறுப்பு அறிவிலிருந்து வருவதில்லை, நெஞ்சிலிருந்து வருகிறது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டால் நிம்மதி, முன்கூட்டியே தெரிந்தால் முன்கூட்டியே தடுக்கலாம். சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவர்களை இந்த எண்ணம்தான் ஆண்டுக்கொரு பெட் ஸ்கேனுக்கு இழுத்துப் போகிறது. இதை ஊகமாக விடாமல் இத்தாலியில் இரண்டு பெரிய ஆய்வுகள் சோதித்துப் பார்த்தன, இரண்டும் 1994இல் வெளிவந்தன. ஒன்றில் 1320 பெண்கள், இன்னொன்றில் 1243 பெண்கள். சிகிச்சை முடித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருத்துவர் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதும் மேமோகிராமும் மட்டும். மற்றப் பிரிவுக்கு அவற்றோடு போன் ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே போன்றவையும் குறிப்பிட்ட இடைவெளியில் தவறாமல். இரண்டாவது ஆய்வில் எலும்பு, நுரையீரல் பரவல்கள் தீவிரக் கண்காணிப்பில் இருந்தவர்களிடம் முன்னதாகவே தெரியவந்தன. ஆனால் ஐந்தாண்டு முடிவில் இறந்தவர்களின் விகிதத்தில் வேறுபாடு இல்லை. முதல் ஆய்விலும் அதே முடிவு, வாழ்க்கைத் தரத்தை அளந்து பார்த்தபோதும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனைகள் வேண்டும் என்று அந்த ஆய்வில் பத்தில் ஏழு பேருக்கு மேல் விரும்பினார்கள். அந்த விருப்பம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஒருமுறை தன் உடம்பே தனக்குத் தெரியாமல் ஒன்றை வளர்த்துவிட்ட பிறகு, அதன்மேல் காவல் வைக்க விரும்பாமல் யார் இருப்பார்கள்? ஆனால் அந்தக் காவல், காக்க வேண்டியதைக் காக்கவில்லை. பரவல் ஆறு மாதம் முன்னதாகத் தெரிந்தவருக்கு, பரவல் இருக்கிறது என்ற அறிவோடு வாழும் மாதங்கள் ஆறு கூடின. ஆயுள் கூடவில்லை.

இவை பழைய ஆய்வுகள், அன்று இருந்த கருவிகள் வேறு, இன்றைய மருந்துகள் வேறு என்று ஒருவர் சொன்னால், அதில் நியாயம் இருக்கிறது. ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகைக்கு இன்று கிடைக்கும் மருந்துகள் 1994இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. ஓரிரு இடத்தில் மட்டும் பரவியிருக்கும்போதே கண்டு, அங்கே துல்லியமான ரேடியேஷன் கொடுத்து அழித்துவிட்டால் ஆயுள் கூடாதா என்ற கேள்வியும் அர்த்தமுள்ளது. அமெரிக்காவில் அதையும் சோதித்தார்கள். நான்கு இடங்களுக்கு மேற்படாத பரவலுள்ள மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு அந்த ரேடியேஷனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், நோய் கட்டுக்குள் இருந்த காலம் கூடவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். நாளை வேறொரு ஆய்வு வேறொன்றைக் காட்டலாம், காட்ட வேண்டும் என்றே விரும்புகிறேன். காட்டும்வரை, நலமாக இருப்பவரை ஆண்டுதோறும் பெட் எந்திரத்துக்குள் அனுப்புகிறவர் அதற்கான ஆதாரத்தைக் காட்டக் கடமைப்பட்டவர். ஆண்டுக்கொரு மேமோகிராமுக்கு அந்த ஆதாரம் இருக்கிறது. அதே மார்பகத்திலோ மறு மார்பகத்திலோ புதிதாக வரக்கூடிய, குணப்படுத்தக்கூடிய நோயை அது தேடுகிறது.

முன்கூட்டித் தெரிந்துகொள்வது எப்படி நம்மை ஏமாற்றும் என்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தின் ஆல்வன் ஃபைன்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1985இல் காட்டிய ஒரு விளக்கம் உண்டு, புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களை வாசிக்கும் எவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கூர்மையான ஸ்கேன் வந்ததும், முன்பு இரண்டாம் ஸ்டேஜ் என்று கருதப்பட்டிருக்கக் கூடிய சிலரிடம் மிகச் சிறிய பரவல் கண்டு அவர்களை நான்காம் ஸ்டேஜில் சேர்க்கிறோம். இரண்டாம் ஸ்டேஜிலிருந்து, அங்கே இருந்தவர்களில் நிலைமை மோசமானவர்கள் போய்விட்டதால் அந்தப் பிரிவின் சராசரி ஆயுள் கூடுகிறது. நான்காம் ஸ்டேஜுக்கு, அங்கே இருப்பவர்களைவிட நோய் குறைந்தவர்கள் வந்து சேர்ந்ததால் அந்தப் பிரிவின் சராசரியும் கூடுகிறது. இரண்டு ஸ்டேஜிலும் முன்னேற்றம் என்று வரைபடம் காட்டும். ஒரே ஒரு பெண்கூட ஒரு நாள் அதிகமாக வாழ்ந்திருக்க மாட்டாள். புதிய கருவி வந்தபின் எங்கள் நோயாளிகள் நீண்டநாள் வாழ்கிறார்கள் என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னதை வைத்து ஸ்கேன்களுக்கே எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சரியான கேள்வியோடு போன சாதாரண ஸ்கேன் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு 2023இல் வெளிவந்த சவுண்ட் ஆய்வு சாட்சி. கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத பெண்களிடம், அக்குளில் அல்ட்ராசவுண்ட் வைத்து முடிச்சு எதுவும் சந்தேகமாக இல்லை என்று கண்டபின், ஒரு பிரிவினருக்கு வழக்கப்படி முதல் நிணநீர் முடிச்சை அறுத்தெடுத்துச் சோதித்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு அக்குளைத் தொடவே இல்லை. ஐந்தாண்டுக்குப் பின் தொலைவுப் பரவலின்றி வாழ்ந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ 98 விழுக்காடு. எளிய, கதிர்வீச்சில்லாத, விலை குறைந்த அல்ட்ராசவுண்ட் ஒன்று அக்குளில் ஒரு கத்திக்கீறலைத் தவிர்க்கிறது, அதோடு வரக்கூடிய கை வலியையும் வீக்கத்தையும் தவிர்க்கிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் பிரிட்டனின் காமிஸ் ஆய்வு. மார்பகத்தை முழுதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கவிருந்த 1623 பெண்களில் பாதிப் பேருக்கு முன்னதாக எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். விளிம்பு இன்னும் தெளிவாகத் தெரிவதால் மறு அறுவை குறையும் என்பது எதிர்பார்ப்பு. 2010இல் முடிவு வந்தபோது மறு அறுவைக்குப் போனவர்கள் இரு பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர். பரம்பரை மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும், அக்குளில் நோய் தெரிந்தும் மார்பகத்தில் கட்டி அகப்படாதவர்களுக்கும், லோபுலர் வகையினருக்கும் அதே எம்.ஆர்.ஐ. பெரிய உதவி. எல்லாருக்கும் என்று விரித்தபோதுதான் பயன் கரைந்துவிட்டது.

இன்னொரு இடத்தில் படத்தின் எல்லை மிகத் துல்லியமாகத் தெரிகிறது. பரவல் என்று சந்தேகிக்கும் புள்ளி ஒன்று ஈரலிலோ எலும்பிலோ தெரிந்தால், எட்டக்கூடிய இடமாக இருந்தால், அங்கிருந்து திசு எடுத்துப் பார்ப்பதே முறை. முதலில் மார்பகத்தில் எடுத்த பயாப்ஸி இருக்கிறதே, அதே நோய்தானே என்று குடும்பத்தார் கேட்பார்கள், இன்னொரு ஊசியா என்று நோயாளி மருளுவார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. மார்பகத்துக் கட்டியில் ஹார்மோன் ஏற்பியோ ஹெர்2ஓ இருந்த விதம் பரவிய இடத்தில் மாறியிருப்பது அரிதல்ல, அதற்கேற்ப மருந்தும் மாறும். அந்தப் புள்ளி புற்றுநோயே இல்லாமல் காசநோயாகவோ வேறொன்றாகவோ இருந்துவிடவும் கூடும். கீமோ முடிந்ததும் படத்தில் கட்டி மறைந்துவிட்டது என்று மகிழ்பவர்களிடம் அறுவையை விட்டுவிட முடியாது என்று மருத்துவர் சொல்வதற்கும் இதுதான் காரணம். படத்தில் இல்லாதது திசுவில் இருக்கக்கூடும். அதற்காகவே கீமோவுக்கு முன்பே கட்டி இருக்கும் இடத்தில் ஒரு சின்ன உலோகக் கிளிப்பை வைத்து அடையாளம் செய்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு மறுப்பு. இதெல்லாம் மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது, பயந்துபோயிருக்கும் ஒரு பெண்ணிடம் கணக்கும் ஆய்வும் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவரிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் வைத்திருப்பதே கருணை என்று நம் குடும்பங்களில் பலர் உண்மையான அன்போடு நம்புகிறார்கள். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படம் சரியாக வாசிக்கப்பட வேண்டுமென்றாலே அந்தப் பெண் பேசியாக வேண்டும். ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் நோயாளியின் விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பல சீட்டுகளில் அதில் மார்பகப் புற்றுநோய் என்பதற்கு மேல் ஒரு சொல் இருப்பதில்லை. இளவயதில் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டது, மூன்று வருடம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து விலாவில் அடிபட்டது, போன மாதம் எந்தக் கையில் தடுப்பூசி போட்டது, முழங்கால் வலிக்கு ஊசி போட்டது, சர்க்கரைக்கு என்ன மருந்து எடுக்கிறார் என்பது எல்லாம் தெரிந்தவர் அந்த அறையில் ஒரே ஒருவர்தான். அவர் என்ன கேள்விக்காக உள்ளே போகிறார் என்று தெரியாமல் போனால், இவற்றில் எதைச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தோன்றும்? முன்பு எடுத்த மேமோகிராம் பிலிம் பீரோவில் கிடப்பதை அவர்தான் சொல்ல முடியும். இப்போது தெரியும் நிழல் ஐந்து வருடத்துக்கு முன்பும் அப்படியே இருந்திருந்தால் அதற்காக இன்னொரு ஊசி வேண்டாம் என்று கதிரியக்க மருத்துவர் முடிவெடுக்க அந்தப் பழைய பிலிம் பல நேரம் போதும்.